நோரா வீட்டு வரட்டி

கடையில் விற்கிற திருநீற்றில் பத்மாசனிக்கு ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. வெள்ளைக் களிமண்ணை அரைத்து, வாசனை கலந்து, சாமிப் படம் ஒட்டிய பொட்டலத்தில் அடைத்து விற்கிற சரக்கு அது என்று அவளுடைய அப்பா சொல்வார். இணுவிலில் அவர்கள் வீட்டில் சிவராத்திரிக்குச் சிவராத்திரி பசுஞ்சாணியைத் தட்டிக் காயவைத்து, உமிக்குள் புதைத்து மூட்டம் போட்டு, வெந்து நீறானதைத் துணியில் சலித்து எடுப்பார்கள். ஊரில் பிள்ளை வீரிட்டு அழுதாலும், மாடு தீனி எடுக்காவிட்டாலும் அவர்கள் வீட்டுத் திருநீற்றைத்தான் தேடி வருவார்கள். அந்தப் பெருமை ஒன்றுதான் குடும்பச் சொத்து. வேறு சொத்து இருந்திருந்தால் அவளும் புருஷன் வல்லிபுரமும் ஷார்ஜாவுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

ஒரே ஊரில் இருந்தார்களே தவிர ஒன்றாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. வல்லிபுரம் கட்டட சைட்டில் பலகை அடிக்கிற தச்சன். கம்பெனி கேம்பில் படுக்கை. பத்மாசனி நோரா என்கிற ஐரிஷ்காரியின் வில்லாவில் சமையலும் வீட்டு வேலையும். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரோலாக் கடைத்தெருவில் சனத்துக்குள் இடிபட்டு நின்று ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள். அவ்வளவுதான் குடும்பம். பிள்ளை குட்டி இல்லை. ஒருவருக்கு மற்றவர்தான் பிள்ளை. இன்னும் ஒரு லீவு வரட்டும், இருவருமாக ஊரோடு போய்விடுவோம் என்று ஒவ்வொரு வெள்ளியும் வல்லிபுரம் சொல்வான். அவளும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டுவாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது சிலருக்கு. இவர்களுக்கு வெண்ணெய் திரளவே இல்லை, அதற்கு முன்னமே உடைந்தது. சாரத்தில் நின்று பலகை கழற்றிய வல்லிபுரம் கால் வழுக்கிக் கீழே கிடந்த கம்பிக் குவியலில் தலை அடிபட விழுந்தான். உடம்பில் வேறு பெரிய காயம் இல்லை. கண்ணைத்தான் திறக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கட்டிலருகே நின்று பார்த்து, "இன்ஷா அல்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

நோரா பள்ளிக்கூட டீச்சர். அவள் புருஷன் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. வீட்டுக்கு வருவதே அபூர்வம். நோரா நல்லவள். வெள்ளிக்கிழமை முழுநாளும் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வா என்று விட்டாள். ரோலாவில் மளிகைக்கடை வைத்திருந்த மீரா சாகிப் தன் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் விட்டு, திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார். கீழக்கரைக்காரர். வல்லிபுரம் அவர் கடைக்கு அலமாரி அடித்துக் கொடுத்த நாளிலிருந்து பழக்கம். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அவள் அவரை நானா என்பாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை வெள்ளிக்கு வெள்ளி வல்லிபுரத்தின் நெற்றியில் பூசி வந்தாள். பை மெலிந்து, ஒரு நாள் உதறினாலும் ஒன்றும் விழவில்லை.

"இதுக்குப் போயா அழுவுற?" என்றார் மீரா சாகிப், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "தேரா பஜாருல நம்மூரு ஆளு ஒருத்தரு பூசைச் சாமானும் விக்கிறாரு. ஒரு பொட்டலம் வாங்கியாறேன்."

"வேண்டாம் நானா. அது வெறும் மண். இவ்வளவு பெரிய காரியத்துக்கு மண்ணைப் பூசக் கூடாது."

"சாணிக்கு நான் எங்கம்மா போவேன்? இங்க ஒட்டகந்தான் இருக்கு," என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அந்த வாரமே, துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் தூசி தட்டப் போன இடத்தில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. நோரா அயர்லாந்தில் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே நோராவின் பழைய கம்பளிச் சட்டை ஒன்று. அதற்குள் சுற்றி அடுக்கடுக்காய்ச் செங்கல் அளவில் மண்ணிறக் கட்டிகள். பத்மாசனி ஒன்றைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை. காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே நார் நாராகப் புல். முகர்ந்தாள்; நாள்பட்ட சாணிக்கு மணம் ஏது?

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படித்தான் அவளுக்கு இருந்தது. வரட்டி! வட்டமாகத் தட்டாமல் செங்கலாக அறுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நோராவின் அப்பா ஒரு சிவலைப் பசுவின் கழுத்தில் கைபோட்டு நிற்கிற படம் ஹாலில் தொங்குகிறது. அதைத் தினமும் துடைக்கிறவள் அவள்தான். மாடு வளர்த்த வீடு. அப்பா செத்ததும் அவர் மாட்டின் வரட்டியை ஒரு மகள் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருக்கிறாள் என்றால், வெள்ளைக்காரிக்குள்ளும் ஒரு சைவக்காரி இருக்கிறாள் என்று பத்மாசனி மனம் உருகினாள்.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கேட்டு, நோரா இல்லை என்றுவிட்டால்? இல்லை என்ற பிறகு எடுத்தால் களவு; கேட்காமல் எடுத்தால் அவ்வளவு களவு இல்லை என்று அவள் மனம் ஒரு கணக்குப் போட்டது. தவித்த வாய்க்கு எந்தக் கிணறு என்று பார்க்கத் தோன்றாது. ஒன்றே ஒன்று என்று எடுத்தாள்.

நோரா பள்ளிக்கூடம் போனதும், பின்மதிலோரம் ஒரு பழைய நெய் டின்னில் ஓட்டை குத்தி, உமிக்குப் பதில் மரத்தூளை நிரப்பி, நடுவே கட்டியை வைத்து மூட்டம் போட்டாள். அது சுவாலை விடவில்லை. நிதானமாக, அவசரமே இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றது. புகை கனத்து, மதிலோடு மதிலாகத் தவழ்ந்தது. சாணிப் புகை இல்லை அது. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் சருகு எரிகிற மாதிரி ஒரு மணம். அந்நிய நாட்டுப் புல், அந்நிய நாட்டுப் பசு, மணமும் அந்நியமாகத்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் டின்னைக் கவிழ்த்தபோது சாம்பல் வெள்ளையாக இல்லை, இளஞ்சிவப்பாகக் காவி படிந்து கிடந்தது. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. காவி சன்னியாசி நிறம், நல்ல சகுனம். நம்ப வேண்டும் என்று ஒருத்தி தீர்மானித்துவிட்டால் சாட்சிக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை, தேவாரம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, மூன்று விரலால் வல்லிபுரத்தின் நெற்றியில் இழுத்தாள். விரலை எடுக்கவில்லை, அவன் கண் திறந்தது.

பத்மாசனி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. மலையாளத்து நர்ஸ் ஓடிவந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள், கையைக் கிள்ளினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு பத்மாசனியின் தோளைப் பிடித்து, "சேச்சி, சில பேருக்கு இப்படித் தொறக்கும். ஆனா பார்வை இல்லா. அதிகம் ஆசைப்படண்டா" என்றாள்.

ஆசைப்படாதே என்று சொன்னால் ஆசை கேட்குமா? அன்று வண்டியில் பத்மாசனி வாய் ஓயவில்லை. "கண் திறந்திட்டார் நானா. என்னைத்தான் பார்த்தவர். எங்கட வீட்டு முறையில செய்த திருநீறு, லேசுப்பட்டதே!" மீரா சாகிப்பின் கண்ணும் கலங்கியது. "ஆண்டவன் பெரியவன்மா" என்றார்.

ஒன்றே ஒன்று என்று எடுத்த கை அதற்குப் பிறகு நிற்கவில்லை. வாரம் ஒரு கட்டி மூட்டம் கண்டது. வல்லிபுரத்தின் கண் மூடவே இல்லை என்று சொல்லலாம். வாயில் கஞ்சியை விட்டால் விழுங்கினான். விரலைக் கையில் வைத்தால் பிடித்தான்; துணியை வைத்தாலும் அதே மாதிரித்தான் பிடித்தான் என்பதை அவள் கவனிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். கட்டிலருகே இருந்து ஊர்க்கதை சொன்னாள். போனவுடன் கிணற்றுக்கட்டைத் திருத்த வேண்டும் என்றாள். நடுவயது தாண்டியவளுக்கு வெள்ளிக்கிழமை காலையில் தலைவாருகிற கை கலியாணப்பெண் கைபோலப் பரபரத்தது. மண்குதிரையில் ஏறியிருக்கிறோம் என்று ஆற்றுக்கு நடுவே போகும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

இப்படியே குளிர்காலம் வந்தது. ஒருநாள் பகல் நோரா அரைநாளோடு வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் அப்பாவின் பிறந்தநாள். வந்ததும் மெஷின் அறைக்குப் போனாள். பிறகு அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். பெட்டிக்குள் கம்பளிச் சட்டையும் ஒரே ஒரு கட்டியும் இருந்தன.

"பத்மா, மற்றதெல்லாம் எங்கே?"

பத்மாசனி வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல ஒரு நிமிஷம் யோசித்தாள், வரவில்லை. தன் ரூமுக்குப் போய், சாம்பல் வைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தெரிந்த இங்கிலீஷில், வெட்டி வெட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். பசு தங்களுக்குத் தெய்வம் என்பதை, வரட்டியை எரித்துப் புனிதச் சாம்பல் செய்வதை, அதைப் பூசி வல்லிபுரத்துக்குக் கண் திறந்ததை. "நான் களவெடுத்துப்போட்டன் மேடம். உங்கட அப்பாவின்ர மாட்டுச் சாணம் என்ர புருஷனைக் காப்பாத்தினது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

நோரா டப்பாவைத் திறந்து காவிச் சாம்பலைப் பார்த்தாள். கோபம் வரப் பார்த்து, வழியில் எங்கேயோ நின்றுபோனது.

"சாணமா?" என்றாள். "இது சாணம் இல்லை பத்மா. மண்."

"மண்ணோ?"

"சதுப்பு நிலத்து மண். நாங்கள் டர்ஃப் என்போம்."

நோரா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. அவளும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எத்தனை மாதம் காத்திருந்தாளோ. நோராவின் ஊர்ப் பக்கத்தில் விறகு இல்லை. மரமெல்லாம் எப்போதோ வெட்டித் தீர்ந்துவிட்டது. சதுப்பில்தான் அடுப்புக்கு எரிபொருள். புல்லும் பாசியும் தண்ணீருக்குள் செத்து, செத்ததன் மேல் இன்னொன்று செத்து, ஆயிரமாயிரம் வருஷம் கிடந்து கறுத்த மண். கோடை தொடக்கத்தில் அவள் அப்பா ஒடுக்கமான மண்வெட்டியால் அதை அறுத்து அறுத்து எறிவார். வெண்ணெய்போல வழுவழுவென்று வரும். பிள்ளைகள் பரப்பிக் காயவைப்பார்கள். கொஞ்சம் இறுகியதும் நாலைந்தை ஒன்றில் ஒன்று சாய்த்து நிறுத்துவார்கள், காற்றுப் புக. முதுகு முறிகிற வேலை. குளிர்காலம் முழுக்க அதுதான் சமையல், அதுதான் சூடு. இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைத்துக் காலையில் கிளறி எடுப்பார்கள்.

"எங்கள் அடுப்பு அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து அணைந்ததில்லை," என்றாள் நோரா. "அப்பாவை அடக்கம் பண்ணி வந்து பார்த்தபோது அணைந்து கிடந்தது. எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம், மூடிவைக்க ஒருவரும் இல்லை. நிலத்தையும் தம்பி விற்றுவிட்டான். இப்போது மெஷின் வந்து சுரண்டுகிறது. இதெல்லாம் அப்பா கடைசியாக அறுத்தவை. இன்றைக்கு ஒன்றைக் கொளுத்தி அந்த மணத்தில் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று வந்தேன்."

பத்மாசனி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மகளின் அப்பாவை எரித்துத் தீர்த்ததற்கா? கடைப் பொட்டலம் வெறும் மண் என்று தள்ளியவள் சுத்த மண்ணையே புருஷன் நெற்றியில் பூசியதற்கா? அவன் கண் திறந்ததற்கும் கடவுளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்கா?

நோரா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். தன் இழப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, வேலைக்காரியைத் தேற்ற ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேடினாள். நல்ல மனசுதான். நல்ல மனசு சொல்கிற வார்த்தை நல்லதாகத்தான் போய் விழும் என்று யார் சொன்னது?

"அழாதே பத்மா. அது நல்ல மண். தனக்குள் வைத்ததை அழிய விடாது. ஒருமுறை அப்பாவின் மண்வெட்டி ஒரு மரத்தொட்டியில் பட்டது. யாரோ எந்தக் காலத்திலோ புதைத்த வெண்ணெய். வெண்ணெயாகவே இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு மனிதனையே எடுத்தார்கள். தோல் இருந்தது, நகம் இருந்தது. கண்ணிமை மயிர்கூட உதிரவில்லை."

பத்மாசனி அழுகையை நிறுத்தினாள். முகத்தில் ஏதோ ஒன்று துளிர்த்தது.

"உயிரோடயோ மேடம்?"

நோரா குழம்பிப்போனாள். "இல்லை, இல்லை. செத்து எத்தனையோ நூற்றாண்டு. ஆனால் போகவில்லை. அப்படியே இருந்தான்."

அந்த வாரம் பத்மாசனி சமைத்தாள், துடைத்தாள், துணி மடித்தாள். நோரா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவளுக்கு. செத்தும் போகாமல் மண்ணுக்குள் கிடந்த அந்த மனிதன் அவளை விட்டுப் போகமாட்டேன் என்றான். குழம்பு கொதிக்கும்போது நினைவில் வந்தான். கோப்பை கழுவும்போது வந்தான். படித்தவர்கள் சிரிக்கலாம். சாம்பலான மண்ணுக்கு அப்படி ஒரு சக்தி இல்லை என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன? கண் திறந்தது அதனால்தான் என்று அத்தனை வெள்ளியும் நம்பியவள், மூடாமல் கிடப்பதும் அதனால்தான் என்று நம்பாமல் எங்கே போவாள்? அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை விட்டுவிட, இது சுளகில் புடைக்கிற காரியமா?

வெள்ளிக்கிழமை அவள் சாம்பல் டப்பாவைக் கொண்டுபோகவில்லை. கட்டிலருகே போய் இருந்து, முதல்தடவையாகப் புருஷனைப் பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள். அவள் கதை சொன்ன அத்தனை வாரமும் பார்க்காமல் விட்டதெல்லாம் அங்கே இருந்தது. தோல் எலும்போடு ஒட்டிக் கறுத்திருந்தது. கை மடங்கி, நெஞ்சோடு இறுகி, விரித்தால் விரியவில்லை. நகம் வளர்ந்திருந்தது. இமை மயிர் ஒன்றுவிடாமல் இருந்தது. திறந்த கண் கூரையைப் பார்த்தது. அவள் குனிந்து குறுக்கே வந்தபோது அவளைத் துளைத்துக்கொண்டு கூரையையே பார்த்தது. வாய் ஓரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது. பல்லைக் கடித்துச் சுத்தியல் அடிக்கிறவன், ரோலாவில் தேத்தண்ணிக்கு இன்னும் ஒரு கரண்டி சீனி போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறவன், அந்த வல்லிபுரம் இதற்குள் எங்கேயும் இல்லை. அவன் சாரத்திலிருந்து விழுந்த அன்றே போயிருக்க வேண்டியவன். போகிற வழியில் கையைப் பிடித்து நிறுத்திவைத்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, நெஞ்சில் கல்லாய் இறங்கியது.

டாக்டர் வரும் நேரம். அவரை அன்றுதான் நேரே கேட்டாள். இப்படியே எவ்வளவு காலம் என்று. நெஞ்சு நன்றாக இருக்கிறது, ஆள் பலசாலி, வருஷக்கணக்கில்கூட இருப்பார் என்று அவர் ஆறுதலாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்மாசனி துண்டை நனைத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். காவிக் கறை விடுவதாயில்லை. தேய்த்தாள். நெற்றிச் சுருக்கத்துக்குள் படிந்திருந்ததையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தாள். திருநீறு இல்லாமல் அவன் நெற்றியை அவள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து பார்த்ததில்லை. வெறும் நெற்றி, யாரோ அந்நிய ஆணின் நெற்றி மாதிரி இருந்தது.

காதருகே குனிந்தாள். வீட்டை விட்டு இறங்குகிறவரைப் பார்த்து வெறுமனே போ என்று சொல்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. கடைத்தெருவுக்கு என்றாலும் போயிட்டு வாங்கோ என்றுதான் சொல்ல வேண்டும்; வாங்கோ என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் அது சாபம்.

"இஞ்சாருங்கோ," என்றாள். நழுவிக் கிடந்த போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டுத் திரும்பச் சொன்னாள். "இஞ்சாருங்கோ... என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். நீங்கள் போங்கோ."

சொல்லிவிட்டு அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தாள். மூடும் என்று பார்த்தாள். ஒருதரம் இமைத்தது, அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள். பிறகு திறந்து, முன்போலவே கூரையைப் பார்த்தது. நர்ஸ் வந்து நேரம் முடிந்தது சேச்சி என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எழும்பினாள்.

வெளியே மீரா சாகிப் வண்டியை ஓடவிட்டபடி நின்றார். அவள் ஏறி இருந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்பதா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, மச்சான் எப்படி இருக்காரு?"

"இருக்கிறார், நானா."

"அல்ஹம்துலில்லா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு, மீரா சாகிப் வண்டியை எடுத்தார்.